கொசுறு அண்ணனும் பூட்டுப் போட்ட கிளியும்

லாரியின் நெற்றியில் கொசுறு அண்ணன் மூன்றாவது கிளி ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இந்தக் கிளிகளைத் தனியாக விற்றால் என்ன?

அப்படி யோசிக்க தர்மபுரி மாவட்டத்திலேயே மிக ஆபத்தான இடம் அதுதான் என்பது அப்போது உறைக்கவில்லை. கொசுறு என்ற ஒன்று இருப்பதால்தான் இந்த உலகம் சுற்றுகிறது என்று நம்பும் ஒரே மனிதர் அவர்.

பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது. ரேஷன் கடைக்காரருக்கே அது ஞாபகமில்லை. தொப்பூர் போகும் வழியில் லாரிகளுக்கு ஸ்டிக்கர் வெட்டி ஒட்டும் கடை வைத்திருக்கிறார். ஒருமுறை நல்லம்பள்ளி சந்தையில் காய்கறிக்கார அம்மா கறிவேப்பிலைக்குத் தனியாகக் காசு கேட்டுவிட்டார். அண்ணன் கோபப்படவில்லை. பையிலிருந்து தக்காளியை ஒவ்வொன்றாக எடுத்துத் தராசில் திருப்பி வைக்க ஆரம்பித்தார். பின்னால் கூட்டம் சேர்ந்தது. வெண்டைக்காயின் முறை வந்தபோது அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டார்.

“யோவ், ஒரு கட்டாவே எடுத்துக்கய்யா! எடத்த மட்டும் காலி பண்ணு!”

“கட்டு வேணாங்க. ரெண்டு கொத்துப் போதும். ஆனா நீங்களா குடுக்கணும்.”

இரண்டாவது சால்னாவுக்குக் காசு கேட்ட தொப்பூர் பரோட்டாக் கடையில் இன்னும் மோசம். மீதிப் பரோட்டாவை வெறுமனே, முதலாளியின் முகத்தையே பார்த்தபடி, மென்று மென்று தின்றார். பாதிப் பரோட்டா தாண்டுவதற்குள் முதலாளி தாங்க முடியாமல் சால்னா வாளியோடு ஓடிவந்தார்.

வாங்குவதைவிடக் கொடுப்பதில்தான் மனிதர் பயங்கரம். லாரிக்குப் பெயர் மட்டும் ஒட்டச் சொன்னால், பக்கத்துக்கு ஒரு கிளி, நடுவில் தாமரை, பின்னால் ஒரு ஜோடிக் கண் எல்லாம் தானாக வந்து சேரும். ஒரு டிரைவர் கெஞ்சியே விட்டார்.

“அண்ணா, பேரு மட்டும் போதுங்கண்ணா. போன தடவ ஒட்டுன மயிலப் பாத்துட்டு ஓனர் கேக்கறாரு, இது லாரியா கல்யாண மண்டபமான்னு.”

“மயிலு வேணாமா? சரி, மான் ஒட்டிடறன்.”

கடை போர்டில் ‘டிசைனுக்குத் தனி’ என்று ஒரு வரி இருந்தது. அது அண்ணி எழுதவைத்தது. அந்த வரியால் ஒரு ரூபாய்கூட வந்ததில்லை.

நானோ பெங்களூரு வேலையை விட்டுவிட்டு வந்து, தொப்பூர் கணவாயில் பிரேக் சூடேறாமல் லாரியை இறக்கும் கம்ப்யூட்டர் கேம் ஒன்றைச் செய்துகொண்டிருந்தேன். இரண்டு வருட உழைப்பு. அது விற்கவில்லை என்றால் மறுபடி பெங்களூருக்கு பஸ் ஏறவேண்டும் என்று வீட்டில் கெடு வைத்திருந்தார்கள். பெரிய கம்பெனிகள் முழு விலைக்குக் கேமை விற்றுவிட்டு, உள்ளே சட்டைக்கும் வண்ணத்துக்கும் தனியாகக் காசு வாங்குகின்றனவே, நாமும் அப்படிச் செய்தால் என்ன என்பதுதான் என் யோசனை. கேமுக்கு ஒரு விலை. வெள்ளை லாரி அதில் அடக்கம். கிளி வேண்டுமென்றால் தனி.

டிசைன் வரைந்து தரக் கேட்டதும் அண்ணன் கடையையே மறந்துவிட்டார். பத்துக் கேட்டேன், இருபத்தெட்டு தந்தார். விற்பதில் உங்களுக்கும் பங்கு உண்டு என்று நான் சொன்னது அவர் காதில் விழவேயில்லை. எல்லாவற்றையும் கேமில் ஏற்றி, ஸ்டிக்கர் வெட்டும் கம்ப்யூட்டரிலேயே அவருக்குப் போட்டுக் காட்டினேன். வெள்ளை லாரி வந்தது. பக்கத்தில் அவருடைய கிளிகள் வரிசையாக வந்தன. ஒவ்வொரு கிளியின் மேலும் ஒரு சின்னப் பூட்டு.

அண்ணன் திரையருகே குனிந்தார்.

“என் கிளிய எதுக்குடா பூட்டி வெச்சிருக்க?”

“காசு கட்டுனா தொறக்குமுங்கண்ணா.”

“கேமு வாங்கறவன் ஏற்கெனவே காசு குடுக்கறானா இல்லயா?”

“குடுக்கறாருங்க. இது சும்மா அழகுக்குத்தானுங்கண்ணா. வாங்காட்டியும் லாரி ஒரே மாதிரிதான் ஓடும்.”

“சும்மா அழகுக்குத்தான்னா அப்பறம் எதுக்குக் காசு கேக்கற?”

உள்ளேயிருந்து அண்ணி குரல் கொடுத்தார்.

“நீ நல்லாப் பூட்டு தம்பி! இந்த மனுசன் கொசுறு குடுத்தே வூட்ட வித்துருவாரு. அந்தக் கிளியாவது சம்பாரிக்கட்டும்.”

தெம்பு வந்து நான் வாயை விட்டேன். “நீங்களும் லாரிக்காரங்ககிட்டக் காசு வாங்கித்தானுங்களே ஒட்டறீங்க?”

“நான் அடுத்தவன் செஞ்ச லாரிக்கு ஒட்டறன்டா. லாரி செஞ்ச கம்பெனிக்காரன் பெயிண்ட்ட உரிச்சு வெச்சுக்கிட்டு, முழு வெலயும் வாங்கிட்டு, அப்பறம் டப்பாவத் தனியா நீட்டுனா வுடுவியா? ஓசியா ஆட வுட்டுட்டுக் கிளிக்குக் கேளு, ஞாயம். நாளைக்குப் புதுசா வரைஞ்சு புதுசா கேளு, அதுவும் ஞாயம். செஞ்சு உள்ள வெச்சதப் பூட்டற பாரு, அது கறிவேப்பிலைக்குக் காசு கேக்கற வேல.”

“அப்ப உங்க போர்டுலயே ‘டிசைனுக்குத் தனி’ன்னு போட்டிருக்கே, அது?”

சொல்லியிருக்கக் கூடாது. அண்ணன் வெளியே வந்து, அந்தப் போர்டை அன்றுதான் முதல்முறை பார்ப்பவர்போல நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஏணியைச் சாத்தி, பிளேடோடு ஏறி, அந்த வரியை எழுத்து எழுத்தாகச் சுரண்ட ஆரம்பித்தார்.

அண்ணி தலையில் கைவைத்துக்கொண்டார். “அய்யய்யோ, இந்தக் கடையில நான் எழுதவெச்சதே அந்த ஒரு வரிதான்!”

ஏணிக்குக் கீழே நின்றுகொண்டிருந்த எனக்கு, கேம் போனாலும் பரவாயில்லை, இவர் இறங்கிவந்தால் போதும் என்று இருந்தது. “பூட்டை எடுத்தர்றனுங்கண்ணா, எறங்குங்க!” என்று கத்தினேன். “ஆனா காசு எங்கிருந்துங்க வரும்?”

“வெலயக் கொஞ்சம் ஏத்திக்க. மொத்தமா ஒரே தடவ சொல்லு. வாங்கறவன் வாசல்ல ஒரு தடவ யோசிக்கட்டும். உள்ள வந்தவன ரூமுக்கு ரூம் நிறுத்தாத.”

அண்ணி உடனே முன்னால் வந்தார். “ஏத்து தம்பி, நல்லா ஏத்து. பங்க மட்டும் எங்கிட்டக் குடு. இவருகிட்டக் குடுத்தா அதயும் எவனுக்காவது கொசுறாக் குடுத்துருவாரு.”

அப்படித்தான் முடிவானது. பூட்டுகளையெல்லாம் எடுத்துவிட்டேன். விலையை ஏற்றினால் யாரும் வாசலைத் தாண்டமாட்டார்களோ என்ற பயம் இன்னும் இருக்கிறது. ஆனால் போன வாரமே வெளிவந்திருக்கவேண்டிய கேம் தள்ளிப்போவதற்குக் காரணம் அந்தப் பயமில்லை. அண்ணன்தான். தினம் ஒரு காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு வருகிறார். ஒருநாள் வால் நீண்ட கிளி, ஒருநாள் கொய்யாக் கடிக்கும் கிளி. “இதயும் போட்டுக்க. வெலயோட சேர்த்திதான்.”

அடுத்து ஒன்று முயலப்போகிறேன். கேமில் கணவாய் இறங்கி முடியும் இடத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கர் கடை வைக்கவேண்டும். அங்கே லாரியை நிறுத்தினால், லுங்கி கட்டிய ஒருவர் ஏணியோடு வருவார். யாரும் கேட்காமலேயே ஒரு கிளியை ஒட்டிவிட்டுப் போவார். வேகம், சத்தம், வெளிச்சம் எல்லாவற்றையும் மாற்ற பட்டன் இருக்கும். ‘கிளி வேண்டாம்’ என்று சொல்ல மட்டும் பட்டன் கிடையாது.

அதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை; சொன்னால் அந்தக் கடைக்கும் சேர்த்துக் கிளி வரைய ஆரம்பித்துவிடுவார்.