பில்ட் உறைந்தது, தாடி வளர்ந்தது

எனக்குப் பிடிவாதம் அதிகம், அதைத் தாங்குகிற அளவுக்கு மூளை கிடையாது. யுத்தகாலத்தில், கொழும்பில் வெள்ளவத்தையில் இருந்துகொண்டு தாடி வளர்த்த தமிழ்ப் பெடியன் நான். அதுவும் காதல் தோல்வியால் இல்லை (அதற்காவது ஒரு மரியாதை இருந்திருக்கும்). ஒரு மென்பொருள் பிழையால்.

அப்போது பொரளைப் பக்கம் ஒரு சின்ன சொஃப்ட்வெயர் கொம்பனியில் வேலை. எங்கள் மென்பொருளை முழுசாக பில்ட் பண்ணி எடுக்க, அதாவது எழுதினதையெல்லாம் கோர்த்து ஓடக்கூடியதாக ஆக்க, அரைநாள் போய்விடும். வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒரே நேரத்தில் ஓடவிடுகிற புரோகிராம் ஒன்றை நான் எழுதிக் கொடுத்தேன். தேத்தண்ணி குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்தது. எல்லோரும் கைகுலுக்கினார்கள். அடுத்த கிழமை அது பாதியில் உறைந்து நின்றது. பிழைச்செய்தி ஒன்றும் இல்லை, சும்மா நிற்கும். பிறகு சில நாள் ஒழுங்காக ஓடும், திரும்ப நிற்கும்.

“உன் புரோகிராமில்தான் ஏதோ பிழை மச்சான்,” என்றான் பக்கத்து மேசைச் சிங்களப் பெடியன் நுவான்.

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. கரண்டைக் குறை சொன்னேன், ஏசியைக் குறை சொன்னேன், கடைசியில் நுவானின் கம்ப்யூட்டரையும் விடவில்லை. அதோடு நின்றிருக்கலாம். பிழையைப் பிடிக்கும்வரை முகம் சேவ் எடுக்கமாட்டேன் என்று கன்ரீனில் எல்லோர் முன்னாலும் சபதம் போட்டேன்.

அன்றிலிருந்து அம்மாவுக்கு நிம்மதி போய்விட்டது.

“தம்பி, சேவ் எடுத்துக்கொண்டு போவன். இந்தத் தாடியோடை புலியெண்டு உன்னைப் பிடிச்சுக்கொண்டு போனால் நான் எங்கை போய்த் தேடுறது?”

“பிழை பிடிபடட்டும் அம்மா.”

“உன்ர பிழை ஆருக்கு வேணும்? நீ பின்னேரம் வீட்டை வந்து சேர்ந்தால் காணும்.”

நான் வரும்வரை பல்கனியில் நிற்பா. நான் அதைப் பார்த்தும் பாராத மாதிரிப் படியேறுவேன். இப்போது நினைத்தால் அந்தப் பெடியனுக்கு இரண்டு அறை விடவேண்டும் போல இருக்கிறது.

ஒருநாள் சோதனைச்சாவடியில் பஸ்ஸை மறித்தார்கள். ஆமிக்காரர் அடையாள அட்டையைப் பார்த்தார், தாடியைப் பார்த்தார்.

“மே ஒயாத?” (இது நீயா?)

அட்டையில் இருந்தது மீசை முளைக்காத பள்ளிக்கூடப் பிள்ளை. பொலிஸில் கொண்டுபோய் இருத்தினார்கள். தாடி ஏன் என்று கேட்ட இன்ஸ்பெக்டருக்கு, பில்ட் உறைகிற கதையை என் அரைகுறைச் சிங்களத்தில் முதலிலிருந்து விளக்கினேன். மனிசன் களைத்துப்போனார். நுவான் வந்து எனக்காகக் கதைத்த பிறகு, “இந்த முகத்தோடு புது அட்டை எடு,” என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அம்மா தெரிந்தவர்களையெல்லாம் பிடித்து, வெயிலில் ஓடித்திரிந்து, தாடிப் படத்தோடு புது அட்டை எடுத்துத் தந்தா.

அந்தக் கிழமையே பிழை பிடிபட்டது. நுவான் சொன்னது சரி, என் புரோகிராமில்தான். துண்டு வேலைகளில் ஏதாவது ஒன்று சிலநாள் எச்சரிக்கைகளை அள்ளிக் கொட்டும். என் புரோகிராமோ, “முதலில் வேலையை முடி, பிறகு வாசிக்கிறேன்” என்று காத்திருக்கும். இடையில் இருக்கிற சின்ன இடம் நிரம்பி, மேலே கொட்ட வழியில்லாமல் அது நிற்க, அது முடிக்கவில்லை என்று இது நிற்கும். பிழையைப் பிடிக்க நான் காவல் இருந்த நாட்களில் மட்டும் எல்லாவற்றையும் இடத்துக்குக் குறைவில்லாத ஒரு ஃபைலுக்குள் எழுதவிட்டிருந்தேன். என் கண்முன்னால் அது ஒருநாளும் உறையாததற்கு அதுதான் காரணம். கொட்டக் கொட்ட வாசிக்கும்படி மாற்றினேன், சரியாகிவிட்டது.

நேரே சலூனுக்குப் போய் வழுவழு என்று மழித்துக்கொண்டு, அம்மாவின் சந்தோசத்தைப் பார்க்கவேண்டும் என்று ஓடிப் படியேறினேன். அம்மா கதவைத் திறந்தா. தலையில் கை வைத்தபடி அப்படியே கதிரையில் இருந்திட்டா.

“இனி அந்தப் புது அட்டையில இருக்கிறது ஆரடா?”

தாடி திரும்ப முளைக்கும்வரை என்னை வாசல் தாண்ட விடவில்லை. வேலைக்கு லீவு, சொன்ன காரணம் சின்னம்மை. யுத்தமும் முடிந்து, அந்தக் கொம்பனியும் மூடியாயிற்று. தாடி மட்டும் பழகிப்போய் நின்றுவிட்டது, நரைத்தும் விட்டது. கலியாண வீடுகளில் சொந்தக்காரர் அதைத் தடவிப் பார்த்துக் கேட்பது ஒன்றுதான்.

“என்ன தம்பி, இன்னும் பிழை பிடிபடேல்லையோ?”