கிரெடிட் கார்டுக்குப் பூ கேட்ட கதை

சும்மா கிடைக்கிற பொருள் ஒன்றாக இருந்தால் மனிதன் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவான். இரண்டாக இருந்தால் போச்சு, தூக்கம் கெட்டுவிடும். இதை நான் எங்கும் படிக்கவில்லை (படித்ததே எட்டாம் வகுப்பு வரைதான்). பட்டுத் தெரிந்துகொண்டேன்.

அப்போது வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தேன். டை கட்டிய பையன்கள் கிரெடிட் கார்டு விற்பதற்காகக் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கிய காலம். ஒரே வாரத்தில் இரண்டு பேர் என்னைப் பிடித்தார்கள். இரண்டு கார்டுக்கும் ஆயுசுக்கும் வருடக் கட்டணம் கிடையாதாம். ஒன்றில் பொருள் வாங்க வாங்கப் பாயிண்ட் ஏறும். பாயிண்ட் சேர்ந்தால் டின்னர் செட் வரும். இன்னொன்றில் பெட்ரோல் போட்டால் கொஞ்சம் காசு திரும்பி வரும்.

எனக்குக் கார்டைவிடச் சந்தேகம்தான் பெரிதாக இருந்தது.

"ஏந்தம்பி, வருசத்துக்குப் பணமும் வேண்டாங்கறீங்க, அதுக்கு மேல பரிசும் தர்றீங்க. அப்ப பேங்குக்கு என்ன லாபம்?"

"கடைக்காரங்க கமிஷன் தருவாங்க சார். அப்புறம் நீங்க தேதி தவறினா வட்டி."

"நான் தவறலீன்னா?"

பையன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "தவறுவீங்க சார்."

என் மனைவி சரசுவுக்குச் சந்தேகமே இல்லை. மகள் ரேவதிக்கு ஊத்துக்குளியில் மாப்பிள்ளை பேசி, நிச்சயத்துக்கு நாளும் குறித்திருந்த நேரம். "டின்னர் செட் வர்ற கார்டை வாங்குங்க, சீருக்கு ஆச்சு" என்றாள். நான் பெட்ரோல் கட்சி.

"இருக்கறது ஒரு ஓட்ட மொபெட்டு. அதையும் பாதி நாள் தள்ளிக்கிட்டுத்தான் வர்றீங்க. பெட்ரோல் கார்டாமா!"

இரண்டையும் வாங்கலாமே என்பீர்கள். கடன் அட்டை ஒன்று போதாதா வீட்டுக்கு?

எங்கள் வீட்டில் முடிவுக்கு வராத காரியமெல்லாம் மாரியம்மனிடம் போகும். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம் கட்டி அம்மன் காலடியில் வைப்போம். என்ன காரியம் என்று வாய்விட்டுச் சொல்லக் கூடாது. மனதில் நினைத்துக்கொள்ள வேண்டும். பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துத் தருவார். அதுதான் உத்தரவு. ரேவதி சம்பந்தத்துக்கும் அப்படித்தான் கேட்டோம். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டோம். வெள்ளைப் பூ வந்தது. மாப்பிள்ளை வீட்டாரும் பக்கத்தில் நின்று கும்பிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் போனோம். வெள்ளை என்றால் டின்னர் செட், சிவப்பு என்றால் பெட்ரோல். (அம்மனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று எனக்குத் தோன்றவில்லை. பெற்ற தாயிடம் சின்ன விஷயம், பெரிய விஷயம் என்று பார்த்தா கேட்கிறோம்?)

"மறுபடியும் பூவுங்களா?" என்றார் பூசாரி, ஒரு மாதிரியாக. முறைப்படி வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினேன். சிவப்பு வந்தது. சரசுவின் முகம் சுருங்கியது. நான் வாயெல்லாம் பல்லாகத் திரும்பினேன்.

பின்னால் அர்ச்சனைத் தட்டோடு மாப்பிள்ளையின் அப்பா நின்றுகொண்டிருந்தார்.

"வாங்க சம்பந்தி!" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், சிவப்புப் பூவைப் பார்த்தார், அர்ச்சனைகூடச் செய்யாமல் தட்டோடு திரும்பிப் போய்விட்டார்.

சரசுவுக்குத்தான் முதலில் விளங்கியது. "அய்யோ, நம்ம புள்ளைக்கு வேற எடம் பாக்கறோம்னு நெனச்சுட்டாருங்க! அதுலயும் செவப்பு வந்ததுக்கு நீங்க அப்பிடிச் சிரிச்சுட்டு நின்னீங்களே!"

உத்தரவு வாங்கிய சம்பந்தம் இருக்கும்போதே இன்னொரு பூ கேட்பது எங்கள் பக்கம் முகத்தில் அடித்த மாதிரி. விஷயத்தைக் கேட்ட ரேவதி அழவில்லை. "கார்டுக்காங்கப்பா?" என்று மட்டும் கேட்டாள். அதற்கு அவள் அழுதிருக்கலாம்.

உடனே நானும் சரசுவும் மொபெட்டில் ஊத்துக்குளிக்குப் புறப்பட்டோம். வழியில் பெட்ரோல் தீர்ந்தது (சிரிக்காதீர்கள், சரசுவும் அப்போது சிரிக்கவில்லை). தள்ளிக்கொண்டே போய்ச் சேர்ந்தோம். வேர்த்து வடியப் போனவர்களுக்கு அந்த வீட்டில் ஒரு சொம்புத் தண்ணீர் தரவில்லை. பகையாளி வந்தாலும் தண்ணீர் தருகிற ஊர் எங்களுடையது.

பையன்கள் கொடுத்த நோட்டீஸ் இரண்டையும் சம்பந்தி முன்னால் விரித்தேன். "இதுக்குத்தானுங்க பூ கேட்டோம்."

"ஏனுங்க, ஒரு அட்டைக்குப் போயி ஆராச்சும் பூ கேப்பாங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் சரசு சொன்னாள்: "இவரு கேப்பாருங்க."

அவள் சொன்ன விதத்தில் பொய் இருக்க வழியே இல்லை. சம்பந்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டு நோட்டீஸை எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் மனதுக்குள் "மாரியாத்தா, மாரியாத்தா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

"வருசத்துக்கு ஒண்ணுமே கட்ட வேண்டாமுங்களா?"

"வேண்டாமுங்க."

"மேல பரிசும் தர்றானா?"

"தர்றானுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்பறம் அவனுக்கு என்னங்க லாபம்?"

"அதையேதானுங்க சம்பந்தி நானும் கேட்டேன்!" என்று கிட்டத்தட்டக் கத்திவிட்டேன். அந்தப் பையன் சொன்ன பதிலைச் சொன்னதும், வெண்ணெய் வியாபாரம் செய்கிற மனிதர் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: "ஏம்புள்ள, சம்பந்தி வந்து எந்நேரமாச்சு, மோரு கொண்டா!"

அப்படி ஒரு மோரை நான் அதற்கு முன்னும் குடித்ததில்லை, பின்னும் குடித்ததில்லை.

அம்மன் சொன்ன பெட்ரோல் கார்டுக்கே கையெழுத்துப் போட்டேன். என் சம்பளம் பத்தாது என்று பேங்க் திருப்பி அனுப்பிவிட்டது. அம்மன் உத்தரவு கொடுத்துவிட்டாள், பேங்க்தான் கொடுக்கவில்லை.

நிச்சயம் குறித்த நாளில் நடந்தது, கல்யாணமும் நல்லபடியாக நடந்தது. மாப்பிள்ளை இன்றைக்கும் விருந்துக்கு வந்தால், இலையில் உட்கார்ந்துகொண்டு ஆரம்பிப்பார்: "மாமா, நானும் வருசக் கட்டணம் இல்லாத ஆளுதானுங்க. ஆயுசுக்கும் ப்ரீ."

சமையலறையிலிருந்து ரேவதியின் குரல் வரும்: "பாயிண்ட்டுதான் இன்னும் ஒண்ணுகூட ஏறக் காணமுங்கப்பா."