டை ராடு எண்டும் மாப்பிள்ளை அழைப்பும்

'எனக்குத் தெரியாது' என்ற இரண்டு சொற்கள் முப்பத்துநான்கு வயது வரை என் வாயில் வந்ததே இல்லை. வாத்தியார் வேலையில் இருப்பவர்களுக்கு வருகிற வியாதி இது. கடலூரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தேன். விசை, உராய்வு, திருப்புவிசை என்று கரும்பலகையில் தினமும் எழுதுகிறவனுக்கு ஒரு காரின் ஸ்டீயரிங் என்ன பெரிய விஷயம் என்று நினைத்தேன். அந்த நினைப்பில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

2008-இல் என்னிடம் பழைய சின்ன கார் ஒன்று இருந்தது. (விற்றவர் 'நான் ரெண்டாவது ஓனர்' என்றார். ஆர்.சி. புத்தகம் அவரை நான்காவது என்றது.) அந்த ஆவணியில் என் மனைவி மலர்விழியின் தம்பி செந்திலுக்குச் சிதம்பரத்தில் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக் கார் பேசப் போவதாக மாமனார் சொன்னார். "நம்ம வூட்லயே கார் இருக்க, வாடகைக்கு எதுக்கு மாமா? நானே ஓட்டிகிட்டு வர்றேன்" என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

அந்த வாரமே ஸ்டீயரிங் நடுங்க ஆரம்பித்தது. பள்ளத்தில் இறங்கினால் இடதுபக்கம் 'டொக்' என்று சத்தம். மஞ்சக்குப்பத்தில் நான் வழக்கமாகப் போகும் மெக்கானிக் பாய், முன்சக்கரத்தைப் பிடித்து இரண்டு ஆட்டு ஆட்டினார்.

"ஆட்டம் ஜாஸ்தியா இருக்கு சார். டை ராடு எண்டு போயிடுச்சு. நீங்க ஸ்டீயரிங்க திருப்புனா ஒரு கம்பி போயி சக்கரத்த திருப்புதுல்ல, அந்தக் கம்பியோட முனை. திங்கக்கெழம வாங்க, மாத்திடறேன்."

"ஞாயித்துக்கெழம கல்யாணம் பாய். சனிக்கெழமயே வண்டி வேணும்."

"என் கையில மூணு வண்டி கெடக்கு சார். பார்ட்டு வாங்கி வேற யார்கிட்டயாச்சும் குடுங்க. தெரிஞ்சவன்கிட்ட குடுங்க. இது ஸ்டீயரிங்கு, வெளையாட்டு கெடையாது."

'தெரிஞ்சவன்' என்றதும் எனக்கு என் முகம்தான் ஞாபகம் வந்தது.

வெள்ளிக்கிழமை லீவு போட்டு, புது முனையை வாங்கி வந்து, வாசலில் ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றி, லுங்கியோடு அடியில் புகுந்தேன். பழைய முனை துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தது. சுத்தியலால் அடித்ததில் முதலில் கழன்றது என் கட்டைவிரல் நகம். அரை மணி நேரப் போருக்குப் பிறகு முனை அசைந்து கொடுத்தது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பழசைக் கழற்றும்போது எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணி, புதுசையும் அதே எண்ணிக்கையில் ஏற்ற வேண்டும். தப்பினால் சக்கரம் கோணிக்கொள்ளும். பாய் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று பார்த்திருந்ததால் அது எனக்குத் தெரியும். எண்ணினேன். பதிமூன்றில் இருக்கும்போது மலர் வாசலுக்கு வந்தாள்.

"ஏங்க, டெய்லர்கிட்ட எத்தன ப்ளவுஸ் வாங்கினு வந்தீங்க?"

"மூணு" என்றேன்.

அதற்குப் பிறகு பதினான்கா, பதினேழா என்று எனக்குச் சத்தியமாகத் தெரியவில்லை. குத்துமதிப்பாக ஏற்றினேன்.

கடைசியாக நட்டை முறுக்கி, அது கழன்றுவிடாமல் குறுக்கே ஒரு சின்னக் கம்பிப் பின்னைச் செருகி மடக்க வேண்டும். நட்டில் இருக்கும் வெட்டும் உள்ளே இருக்கும் ஓட்டையும் நேராக வந்தால்தான் பின் நுழையும். எனக்கு வரவில்லை. முறுக்கினேன், தளர்த்தினேன், சாமியையும் கூப்பிட்டுப் பார்த்தேன். அப்போதுதான் என்னுள் இருந்த இயற்பியல் வாத்தியார் விழித்துக்கொண்டார். இவ்வளவு இறுக்கமான நட்டில் உராய்வு விசையே போதுமே, பெல்ட் போட்டவனுக்கு அரைஞாண் கயிறு எதற்கு? பின்னைப் பர்சில் பத்திரமாக வைத்தேன்.

சனிக்கிழமை காலை மலரும் மூன்று வயது மகள் யாழினியும் ஏற, கிளம்பினோம். கார் நேராகப் போவதற்கு ஸ்டீயரிங்கைக் கால்வாசி சாய்த்துப் பிடிக்க வேண்டியிருந்தது. விட்டால் ரோட்டோரத்து வேலிகாத்தான் முள்ளுப் பக்கம் போனது.

"ஸ்டீயரிங்கு ஏங்க சாஞ்சாப்ல இருக்கு?"

"புது பார்ட்டு. செட்டாவணும்." (எதுவும் தெரியாதவன் எல்லாவற்றுக்கும் சொல்லும் பதில் இது.)

ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் தாண்டினோம். வெள்ளாற்றுப் பாலத்தில் ஒரு கரும்பு லாரியை முந்தினேன். யாழினி கைதட்டினாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

சாயங்காலம் மேலவீதியில் ஒரு பிள்ளையார் கோயிலிலிருந்து மாப்பிள்ளை அழைப்பு. கார் முழுக்க ரோஜாச் சரம். பின் சீட்டில் கோட்டு சூட்டோடு செந்தில். முன்னால் நாதஸ்வரம், தவில். மாமனார் காருக்குப் பக்கத்தில் பட்டு வேட்டியில் நடந்து வந்தார். நடக்கும் வேகத்தில் ஊர்ந்து, தெற்கு வீதிக்குத் திரும்ப ஸ்டீயரிங்கை ஒடித்தேன்.

'டங்.'

ஸ்டீயரிங் காற்றாடி போல லேசாகிவிட்டது. வலது சக்கரம் தெற்கு வீதிக்குத் திரும்பியது. இடது சக்கரம், நான் வரமாட்டேன் என்று மேலவீதியையே பார்த்துக்கொண்டு நின்றது. கார் ஒரு முனகலோடு தேய்ந்து நின்றது. நாதஸ்வரக்காரர்களுக்கு இது தெரியாது. மாப்பிள்ளை இல்லாமலே மாப்பிள்ளை அழைப்பு ஐம்பதடி போய்விட்டது.

"இன்னா மாமா ஆச்சு?" என்றான் செந்தில்.

"செட்டாவுது மச்சான்" என்றேன். பழக்கதோஷம்.

எதிரே ஒர்க்‌ஷாப் வைத்திருந்தவர் வந்து, ஒரு சாக்கை விரித்து அடியில் புகுந்தார். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"நட்டயே காணோம். பின்னு போடலியா சார்?"

பர்சைத் திறந்து பின்னை எடுத்து நீட்டினேன். அவர் வெளியே தலையை நீட்டி, பின்னையும் என்னையும் பார்த்தார்.

"இது அங்க இருந்திருந்தா, நட்டும் அங்க இருந்திருக்கும் சார்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அவமானம்கூட வரவில்லை. கண்முன்னே வெள்ளாற்றுப் பாலம் வந்து நின்றது. அந்தக் கரும்பு லாரி. கைதட்டிய யாழினி. ரோஜாச் சரத்தைப் பிடித்துக்கொண்டே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன்.

மாமனார் என் முன்னால் வந்து நின்றார். திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை போலவும் இருந்தது.

"மாப்ள, பாலத்து மேல எவ்ளோ வேகத்துல வந்தீங்க?"

"அறுவது மாமா."

"வண்டியில மலரு, கொழந்த?"

தலையை மட்டும் ஆட்டினேன். அவர் கோபுரம் இருந்த பக்கம் திரும்பி, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார். திரும்பியபோது கண் கலங்கியிருந்தது. ஆனால் முகம் சிரித்தது.

"கைவுடணும்னு தோணுன வண்டி, பாலத்து மேல வுடாம இங்க வந்து வுட்டுச்சு பாருங்க. நல்ல வண்டி மாப்ள. எழுந்திரிங்க."

அந்த ஒரு சொல்லில் எனக்கு உயிர் திரும்பி வந்தது. அதற்குள் விஷயம் தெரிந்து மேளக்காரர்களும் திரும்பி வந்துவிட்டார்கள். மண்டபம் இன்னும் கால் கிலோமீட்டர். செந்தில் கோட்டைச் சரிசெய்துகொண்டு இறங்கினான். யாரோ ஒரு குடையைப் பிடித்தார்கள். மாப்பிள்ளை நடந்தே போனான். அழகாகத்தான் இருந்தது.

மண்டபத்து வாசலில் ஆரத்தியோடு காத்திருந்த பெண்வீட்டார் குழம்பிப்போனார்கள். பெண்ணின் சித்தப்பா மெதுவாகக் கேட்டார்: "கார்ல வருவாருன்னு சொன்னீங்களே... நடந்து வராரு?"

மாமனார் கண்ணிமைக்காமல் சொன்னார்: "எங்க பக்கம் வழக்கம் சம்பந்தி. கடைசி கொஞ்ச தூரம் மாப்ள நடந்துதான் வருவாரு."

திங்கட்கிழமை காரை ஒரு சின்ன லாரியில் ஏற்றி மஞ்சக்குப்பத்துக்குக் கொண்டுபோனோம். பாய் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "எண்ணிக்கையில மூணு சுத்து வித்தியாசம் சார். எங்கேர்ந்து வந்துச்சு இந்த மூணு?" என்றார். ப்ளவுஸ் கணக்கை நான் அவரிடம் சொல்லவில்லை. "எனக்குத் தெரியாது பாய்" என்றேன். சொல்லிப் பார்த்தால் அப்படியொன்றும் கஷ்டமாக இல்லை.

இரண்டு வருடம் கழித்துப் பண்ருட்டியில் மலரின் சித்தப்பா பையனுக்குக் கல்யாணம். நல்ல வாடகைக் கார், தெரிந்த டிரைவர், நான்கு சக்கரமும் ஒரே பக்கம் பார்த்தன. அப்படியும் மண்டபத்துக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி நின்றது. ஊர்வலத்தில் யாரோ கத்தினார்கள்: "மாப்ளைய எறக்குங்கப்பா, வழக்கம் இருக்குல்ல!" மாப்பிள்ளை பயபக்தியோடு இறங்கி நடந்தான். அதற்கப்புறம் எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணத்திலும் இது தவறியதில்லை.

அந்தப் பண்ருட்டிக் கல்யாணத்தில் பெண்வீட்டு அம்மா ஒருவர் மலரிடம் ஆர்வமாகக் கேட்டார்: "நல்ல மொறையா இருக்கே! எத்தன தலமொறையா செய்யறீங்க? இதுக்கு எதாச்சும் காரணம் இருக்குமே?"

"இருக்குங்க" என்றாள் மலர். "தோ, காபி டம்ளர வெச்சிகினு நிக்குது பாருங்க."