மூடாத கேரம் கடைக்கு இரங்கல் எழுதியது குறித்து

தம்புசாமி விளையாட்டுச் சாமான் கடை,
கிள்ளான், சிலாங்கூர்.
23.10.1991, புதன்கிழமை

உயர்திரு ஞாயிறு பதிப்பு ஆசிரியர் ஐயா அவர்களின் சமூகத்துக்கு,

கிள்ளானிலிருந்து பவுனம்மாள் தம்புசாமி கும்பிட்டு எழுதிக்கொள்வது. பத்துமலை முருகன் புண்ணியத்தில் இங்கு நானும் நலம், என் கடையும் நலம். தாங்களும் தங்கள் வீட்டாரும் தங்கள் அச்சு மெஷினும் அதுபோலவே நலமாக இருக்க வேண்டுகிறேன். என் கடை நலம் என்பதைத் தங்கள் பத்திரிகை ஒப்புக்கொள்ளாததால்தான் இந்தக் கடிதம். என் பேத்தி இந்திரா பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள், மாநிலக் கேரம் போட்டியில் இரண்டாவதாக வந்தவள். (முதலாவதாக வந்த பெண் பழகியதும் நம் கடைப் போர்டில்தான்.) அவள் "நான் நல்ல தமிழ்லே எழுதித் தரேன் பாட்டி" என்றாள். வேண்டாம் என்றுவிட்டேன். தோட்டப் பள்ளியில் நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்த தமிழே தங்களுக்குப் போதும்.

கடந்த ஞாயிறு ஏழாம் பக்கத்தில் 'அணைந்தது ஒரு விளையாட்டு விளக்கு' என்று தங்கள் நிருபர் கண்ணப்பன் எழுதியிருந்தார். பேப்பரை நாலாக மடித்துப் படிப்பது என் பழக்கம், படம் பின்பக்கம் போய்விட்டது. டிவி கேம் வந்து நொடித்துப்போன கிழவி, காலியான அலமாரி, கண்ணீர், இதையெல்லாம் படித்து, யார் பெற்ற பிள்ளையோ பாவம், தீபாவளி நேரத்தில் இப்படியா என்று பாதி வரை நானும் வருத்தப்பட்டேன். பேப்பரைத் திருப்பினால் என் முகம்! பின்னால் என் அலமாரி!

நடந்தது என்னவென்று கேளுங்கள் ஐயா. மூன்று வருஷத்துக்கு முன்னால் பஸ் நிலையத்துக்குப் பின்பக்கம் பெரிய சூப்பர்மார்க்கெட் திறந்து, மேல்மாடி முழுக்க டிவி கேம் வைத்தார்கள். அந்த வருஷம் என் கடையில் கேரம் போர்டு ஆறுதான் விற்றது. என் மகன் கடையை மூடிவிட்டு வீட்டோடு இருக்கச் சொன்னான். வீட்டோடு இருந்து என்ன செய்ய, மருமகள் சமையலில் குற்றம் கண்டுபிடிக்கவா? யோசித்தேன். ஜனங்கள் போர்டு வாங்குவதைத்தான் விட்டார்கள், ஆடுவதை விடவில்லை. கல்யாண வீட்டில் நாலு பேர் கூடினால் ஆடக் கை துறுதுறுக்கிறது. ஆகவே போர்டை வாடகைக்கு விட்டேன், ஸ்டாண்டு, மேலே தொங்கவிடும் விளக்கு, பவுடர் டின் எல்லாம் சேர்த்து. அதோடு விட்டேனா? ஒரு டிவி கேமையும் வாங்கிக் கடைக்குள்ளேயே உட்காரவைத்தேன். அதில் அரை மணி ஆட வேண்டுமானால் முதலில் என்னோடு ஒரு போர்டு கேரம் ஆடி முடிக்க வேண்டும். டிவி கேமுக்கு வந்த பிள்ளைகளில் பாதி இப்போது அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. நான்தான் ஆள் இல்லாத நேரத்தில் ஆடி எட்டாவது கட்டம் வரை போயிருக்கிறேன்.

தங்கள் நிருபர் வந்த சனிக்கிழமை, டெங்கிலில் ஒரு கல்யாணத்துக்கு என் பதினான்கு போர்டும் காலையிலேயே லோரி ஏறிப் போய்விட்டன. கடை ஆரம்பித்து இருபத்தேழு வருஷத்தில் அலமாரி முழுக்கக் காலியானது அன்றைக்குத்தான். எனக்கு அப்படியொரு பெருமை! அந்தச் சந்தோஷத்தில் புது கேரம் பவுடரைக் கட்டி உடைத்துச் சலித்துக்கொண்டிருந்தேன். ஃபேன் முழு வேகத்தில் சுற்றியதை மறந்துவிட்டேன். மூக்கிலும் கண்ணிலும் பவுடர் ஏறி, தாரை தாரையாகத் தண்ணீர் கொட்டுகிறது. அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார்.

"பாட்டி, கடை எத்தனை வருஷமா நடத்துறீங்க?"

"இருபத்... ஹச்! இருபத்தேழு."

"ரொம்பக் கஷ்டமா இருக்கா?"

"எரியுது தம்பி. கண்ணு எரியுது."

'வயிறு எரிகிறது என்றார் மூதாட்டி' என்று எழுதியிருக்கிறார். உடனே படமும் பிடித்துக்கொண்டார். நான் முகம் கழுவி வருவதற்குள், காலி அலமாரியை இரண்டு தடவை தடவிக் கொடுத்துவிட்டுப் போனதாகப் பக்கத்துக் கடையில் சொன்னார்கள். போர்டெல்லாம் எங்கே என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் டெங்கில் கல்யாணத்துக்கே அனுப்பியிருப்பேன், வயிறார விருந்தாவது சாப்பிட்டிருப்பார்.

ஞாயிறு காலையிலேயே ஆரம்பித்தது. முதலில் வந்தவள் எதிர்க்கடையில் பூக்கட்டும் புஷ்பவல்லி. கையில் ஒரு தட்டு இட்டிலி, அடுப்பு மூட்டாத வீட்டுக்குக் கொண்டுவருவதுபோல. "ஏன்க்கா, எங்கிட்டே ஒரு வார்த்தை சொல்லலியே. எத்தனை மணிக்கு எடுக்கிறாங்க?" என்றாள். "எதைடி?" என்றேன். "சாமான்களைத்தான்க்கா" என்று மூக்கைச் சிந்தினாள். இட்டிலியை வாங்கி வைத்துக்கொண்டு அவளை அனுப்பினால், இளைஞர் மன்றத் தலைவர் ராதாகிருஷ்ணன் வருகிறார். தீபாவளிக் கேரம் போட்டிக்கு என்னிடம் பன்னிரண்டு போர்டு சொல்லி வைத்திருந்தவர்.

"பேப்பர்லே பார்த்தோம் ஆன்டி. கமிட்டி கூடிப் பேசிட்டோம். இந்த வருஷம் டிவி கேம் போட்டி வெச்சுக்கிறோம்."

"நான் கடையை மூடலேப்பா."

"மனசைத் தேத்திக்குங்க ஆன்டி."

"மூடலேங்கிறேன்!"

"மொதல்லே அப்படித்தான் ஆன்டி இருக்கும். எங்கப்பா போனப்பகூட நான் ரெண்டு நாள் நம்பலே."

அவர் போன கையோடு பினாங்கில் சரக்குக் கொடுக்கும் சாத்தப்பனுக்குப் போன் போட்டேன், தீபாவளிக்குச் சொன்ன முப்பது போர்டு எங்கே வருகிறது என்று கேட்க. "லோரியைத் தைப்பிங்லேயே திருப்பிட்டேன் பவுனம்மா. மூடுற கடைக்கு யாராச்சும் சரக்கு அனுப்புவாங்களா?" என்கிறார். "திறந்த கடைக்குள்ளே நின்னுதானே பேசிக்கிட்டிருக்கேன்?" என்றால், "பேப்பர்லே போட்டிருக்கே" என்கிறார். இருபத்தேழு வருஷமாகத் தெரிந்த என் குரலைவிடத் தங்கள் ஏழாம் பக்கம் பெரிதாகப் போய்விட்டது.

எல்லாவற்றுக்கும் மேலே நேற்று கடைச் சொந்தக்காரர் சீனத் தவுக்கே, டேப்போடு ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். டிசம்பரோடு என் வாடகை ஒப்பந்தம் முடிகிறது. வந்த ஆள் அங்கே வீடியோ கேசட் கடை வைக்கப் போகிறானாம்.

"தவுக்கே, யாரு சொன்னா நான் மூடுறேன்னு?"

"பேப்பர் சொல்லுது லா, அக்கா."

"உங்களுக்குத்தான் தமிழ் படிக்கத் தெரியாதே?"

"படம் தெரியும். அக்கா அழுவுது, ராக் காலி. கடை தூத்துப் லா, மூடியாச்சு."

நான் சத்தம் போடவில்லை ஐயா. கல்யாணத்திலிருந்து திரும்பிய போர்டு ஒன்றை விரித்து, பவுடரைத் தூவி, "அளக்கறதுக்கு முன்னே ஒரு ஆட்டம் ஆடிட்டு அளங்க" என்று அந்த ஆளை உட்காரவைத்தேன். சிவப்புக் காயோடு ஏழு காயை வரிசையாகப் போட்டேன். ரோஷக்காரன், இன்னொன்று என்றான். அதிலும் தோற்றான். மூன்றாவது ஆட்டத்தில் தவுக்கே வெளியே காருக்குப் போய் ஹோர்ன் அடிக்க ஆரம்பித்துவிட்டார். அளக்காமலே போனார்கள். ஆனால் திங்கட்கிழமை ஒப்பந்தக் காகிதத்தோடு திரும்பி வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். தினமும் ஒருத்தனைத் தோற்கடித்து நான் கடை நடத்த முடியுமா?

ஆகவே ஐயா, வரும் ஞாயிறு அதே ஏழாம் பக்கத்தில், அதே கொட்டை எழுத்தில், 'தம்புசாமி கடை மூடவில்லை, மூடப்போவதும் இல்லை' என்று போட வேண்டும். அலமாரி நிறைந்த படமும் போட வேண்டும், நான் சிரித்துக்கொண்டிருக்க வேண்டும். நிருபர்த் தம்பியைக் கடுமையாகக் கண்டிக்க வேண்டும். போடாவிட்டால் கோலாலம்பூருக்கு பஸ் ஏறி, போர்டும் கையுமாகத் தங்கள் ஆபீஸ் வாசலில் உட்காருவேன். இது மிரட்டல் இல்லை, பஸ் நேரம்கூட விசாரித்துவிட்டேன்.

தங்களுக்கும் தங்கள் வீட்டாருக்கும் தீபாவளி எண்ணெய்க் குளியல் சுகமாக அமையட்டும். பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும். தங்கள் பத்திரிகையும் விசாரித்து எழுதி நீண்ட காலம் வாழட்டும்.

இப்படிக்கு,
கடையைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதும்
பவுனம்மாள் தம்புசாமி

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை. இரண்டு நாளாக இதைத் தபாலில் சேர்க்க முடியவில்லை. கடையை விட்டு நகர முடியவில்லை. மூடுவதற்குள் கடைசியாக ஒரு போர்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று பிரிக்பீல்ட்ஸிலிருந்தும் மஸ்ஜித் இந்தியாவிலிருந்தும் ஜனம் வந்துகொண்டே இருக்கிறது. கூட்டத்தைக் கேள்விப்பட்டு, சாத்தப்பன் திருப்பிய லோரியில் இன்னும் இருபது போர்டு ஏற்றி அனுப்பிவிட்டார். ராதாகிருஷ்ணன் மன்றத்தில் 'தம்புசாமி கடை நினைவுக் கிண்ணம்' என்று கேரம் போட்டியே வைக்கிறார்கள். போர்டு என்னிடம்தான் வாடகைக்கு, விளக்கேற்றவும் நான்தான் போகிறேன். இன்று காலை தவுக்கே வந்து கூட்டத்தைப் பார்த்துவிட்டு, வாடகையை ஏற்றாமல் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். ஆகவே தயவுசெய்து மறுப்புப் போட்டுவிடாதீர்கள். கண்ணப்பன் தம்பியைத் திட்ட வேண்டாம், நல்ல பிள்ளை, சம்பளம் ஏற்றிக் கொடுங்கள். ஒரே ஒரு திருத்தம். என் வயதை எழுபத்து மூன்று என்று போட்டிருக்கிறார். எனக்கு அறுபத்தெட்டுதான். அடுத்த தீபாவளிக்கும் என் கடையை அவர் பேப்பரில் மூடும்போது அதைச் சரியாகப் போடச் சொல்லுங்கள்.