லேபிள் படிக்கும் அம்மா

அடையாறில் கொசுவுக்கு அடுத்தபடியாக அதிகம் காணப்படும் உயிரினம் ஒன்று உண்டு: லேபிள் படிக்கும் அம்மா. பார்த்ததில்லையா? பாண்டி பஜார் ஸ்டேஷனரி கடையில் ஒரு கிரேயான் டப்பாவைத் தலைகீழாகப் பிடித்து, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து, பின்பக்கத்துப் பொடி எழுத்தைக் கைபேசியில் படமெடுத்துப் பெரிதாக்கி, "இதுல ஈயம் இல்லேன்னு எங்க போட்டிருக்கு?" என்று கேட்டு, கடைக்காரர் "வரையறதுக்குத்தான்மா, திங்கறதுக்கு இல்ல" என்றதும் அவரைக் கொலைகாரரைப் போல் பார்ப்பாரே, அவரேதான்.

நம் நீரஜா இந்த இனத்தின் தலைவி. மகள் ஷ்ரேயாவின் ஆறாவது பிறந்தநாளுக்குக் குழந்தைகள் முகத்தில் புலியும் பட்டாம்பூச்சியும் வரைய ஒரு பெண்ணை ஏற்பாடு செய்தார். சும்மா வரைய விட்டாரா? தோலில் பூசவென்றே செய்த வண்ணமா, கழுவினால் போகுமா, ஒவ்வொரு குழந்தைக்கும் ஸ்பாஞ்சு மாற்றுவீர்களா, கண்ணருகே ஜிகினா வராதே? முந்தின நாளே மகளின் முழங்கை மடிப்பில் ஒரு பொட்டு வைத்துப் பார்த்து, அரிக்கிறதா என்று காவலும் காத்தாயிற்று. குறை சொல்ல முடியாது. எல்லாமே கேட்க வேண்டிய கேள்விகள்.

விழாவுக்கு வந்த பரிசுகளில் ஒரு முகச்சாயப் பெட்டி. லேபிளே இல்லை! நீரஜா அதை இரண்டு விரலால் தூக்கினார். குப்பையில் போட்டாரா? சே, பிரிக்காத புதுப் பெட்டியை யாராவது குப்பையில் போடுவார்களா? வீட்டு வேலைக்கு வரும் கஸ்தூரியைக் கூப்பிட்டார்.

"இந்தா, உன் பொண்ணு கீர்த்திக்குக் குடு. பாவம், கொழந்த ஆசைப்படும்."

இரண்டு நாள் கழித்து, சைதாப்பேட்டையிலிருந்து கஸ்தூரி மகளையும் இழுத்துக்கொண்டு ஓடி வந்தார். கீர்த்தியின் கன்னம் சிவந்து தடித்திருந்தது. ஒரு கண் திறக்கவில்லை.

"பூனை மீசை வரைஞ்சிக்கினாம்மா. கண்ணைத் தொறக்கவே மாட்டேன்றா. பார்வைக்கு ஒண்ணும் ஆவாதேம்மா? இன்னாம்மா கீது அந்த டப்பாவுல?"

நீரஜாவின் முகத்தில் வெற்றிக்களை.

"பாத்தியா! எனக்கு அப்பவே தெரியும், அந்தப் பெயிண்ட் ஆகாதுன்னு!"

கீர்த்தியை வெளிச்சத்தில் நிறுத்திப் படமெடுத்து அம்மாக்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்: 'லேபிள் இல்லாததைக் குழந்தைகள் பக்கம் அண்ட விடாதீர்கள்.' முப்பத்தாறு பேர் கைதட்டினார்கள். டாக்டரிடம் போகும் யோசனை அதற்குப் பிறகுதான் வந்தது.

உங்களுக்குக் கோபம் வருகிறதா? நல்லது. உங்கள் குழந்தைக்கு ஒத்துக்கொள்ளாததையெல்லாம் போட்டுக் கட்டி, வாசற்கதவோரம் ஒரு பை வைத்திருக்கிறீர்களே, அது யார் வீட்டுக் குழந்தைக்கு?