டோனட்டுக்குக் குணமான சர்க்கரை வியாதி

ஒஹையோவின் அந்தச் சிற்றூரில் மூடிக்கிடந்த ஸ்கேட்டிங் அரங்குக்குத் திடீர் யோகம்! சனிக்கிழமை பிற்பகலானால் நோயாளிகள் வரிசை பெட்ரோல் பங்க் வரை நீளும். உள்ளே, நட்சத்திரக் கூட்டம் ஒன்றின் பெயரைச் சூடிய மாஸ்டர் ஓரியன் வீற்றிருப்பார். தாய் வைத்த பெயர் கேரி. கேரி என்றால் யார் காணிக்கை போடுவார்கள்?

வைத்தியம் வெகு எளிது. உள்ளங்கையில் 'நட்சத்திரத் தைலம்' தடவி, நீல விளக்கைக் காட்டுவார். கை வெள்ளையாக ஒளிர்ந்தால் நோய் ஓடிவிட்டது. நீலமாகவே இருந்தால் அடுத்த வாரமும் வரவேண்டும். நோய்க்குத்தான் என்ன விவரம்! வசதியானவர்களை விட்டு அது சீக்கிரம் போவதேயில்லை.

வெர்னா ஸ்லாடெக்கின் அக்கா டோலரஸுக்கு மூன்றாம் வாரம் கை வெள்ளையானது. உடனே இன்சுலின் ஊசியை நிறுத்திவிட்டாள்.

"சர்க்கரை போயிடுச்சுடி! கண்ணால பாத்தேன்."

"ரத்தத்துல பாத்தியா?"

"வாயை மூடு! நம்பாதவ பக்கத்துல நின்னாலே ஒளி மங்குமாம்."

சொல்லும்போதே டோலரஸ் தள்ளாடிச் சுவரைப் பிடித்தாள். வெர்னா பாய்ந்து வந்தாள். தாங்கிப் பிடித்தபோதுதான் அக்காவின் நகக்கண்ணில் மஞ்சள் பொடியைக் கண்டாள். விளக்குத் தொழிற்சாலையில் இருபது வருடமாக வெர்னா குழைக்கிற பொடி! வெள்ளை எல்.இ.டி.க்குள் எரிவது நீல விளக்குதான். மேலே பூசிய பொடி அந்த நீலத்தில் பாதியை விழுங்கி மஞ்சளாக உமிழும். இரண்டும் கலந்தால் நம் கண்ணுக்கு வெள்ளை.

மறுநாளே சனிக்கிழமை. அக்காவை இழுத்துக்கொண்டு வெர்னா மேடையேறினாள். தாடிக்குள் இருந்த முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை அடக்க முடியவில்லை. தொழிற்சாலைக் கிடங்கிலிருந்து போன வருடம் துரத்தப்பட்ட ஆசாமி!

"முதல்ல இவருக்குப் பாருங்க, கேரி" என்று கைக்குட்டையைப் பிரித்து, அதே மஞ்சள் பொடி பூசிய ஜாம் டோனட்டை விளக்கடியில் வைத்தாள். டோனட் பளீரென்று வெள்ளையாக ஒளிர்ந்தது.

"அம்மாடி! டோனட்டுக்கே சர்க்கரை வியாதி குணமாயிடுச்சு!"

அரங்கமே குலுங்கியது.

"அதுக்கும் ஆன்மா இருக்கு!" என்று முழங்கினார் ஓரியன்.

"இருக்கட்டும். எங்கக்கா கையில தைலம் போடுங்க."

போட்டார், வெள்ளை. வெர்னா ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தாள், நீலம்! மேசைக்கடியிலிருந்து இரண்டு குப்பிகளை எடுத்து உயர்த்திக் காட்டினாள். ஒன்றில் வெறும் எண்ணெய், மற்றதில் மஞ்சள் பொடி கலந்த எண்ணெய்.

"எனக்கும் துடைச்சு விடும்மா!" என்று கத்தினார் ஒரு லாரி ஓட்டுநர். ஆளாளுக்குக் கையைத் துடைத்துக்கொண்டிருக்க, ஓரியன் பின்வாசலில் மறைந்தார். பகலில் நட்சத்திரம் தெரியாதல்லவா!

"வெர்னா... என் ஊசி?"

"கார்லயே இருக்கு. வா, அக்கா."

எந்த ஒளியையும் கும்பிடுமுன் ஒருமுறை துடைத்துப் பாருங்கள், ஐயா. துடைத்தாலும் போகாத ஒளி அறிவு ஒன்றுதான்!