தொலைந்த தம்பிகள் வரிசையில் நிற்கவும்

"உங்க தம்பியைத் தேடிப் பார்க்கலாமே மேடம்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"கிடைச்சுட்டா நான் எதை எழுதறது, மோரீன்?" என்றார் ரோசலிண்ட் தாக்ரே, பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபடி. "சின்ன வயசுல நான் வாத்து மாதிரி நடக்கறேன்னு 'வாத்தக்கா'ன்னுதான் கூப்பிடுவான். இதை எந்தப் பேட்டியிலயும் சொல்லிடாதே. சோகம் கெட்டுடும்."

பிஸ்கட் உடைந்து கோப்பைக்குள் விழுந்தது. அதற்கு மட்டும் உண்மையாகவே வருந்தினார்.

இங்கிலாந்தில் இன்று சகோதர பாசம் உயிரோடு இருக்கிறதென்றால் அதற்கு ரோசலிண்ட் தாக்ரேதான் காரணம். அவருடைய பதிப்பகத்தின் விளம்பர அதிகாரி என்பதால் இதைச் சொல்லவில்லை; சொல்லும்படி எனக்கு உத்தரவு.

அவருடைய 'மூடுபனியில் ஒரு கையுறை' நாவல் வெளிவந்த பிறகு அழாதவர் யார்? நெப்போலியன் காலம். காய்ச்சலில் பெற்றோர் போய்விட, அரபெல்லா ஒரு மாளிகைக்கும் தம்பி எட்மண்ட் ஒரு கப்பலுக்கும் அனுப்பப்படுகிறார்கள். பல வருடங்கள் கழித்து நடன விருந்தில், முகமூடி அணிந்த ஒருவனின் பின்னங்கழுத்தைப் பார்த்தே அவன் தன் தம்பி என்று அரபெல்லா கண்டுகொள்கிறாள். மணக்கக் கேட்ட பிரபுவை அந்தரத்தில் விட்டுவிட்டு ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறாள். ஆசிரியரும் அநாதை விடுதியில் தம்பியைப் பிரிந்தவர் என்று பின்னட்டையில் நாங்கள் போட்டதும், வாசகர்கள் தங்களைத் 'தொலைந்த உடன்பிறப்புகள்' என்றே அழைத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். அந்தக் காலத்துத் தொப்பி, விசிறி, கைக்குட்டை சகிதம் அவரிடம் கையெழுத்து வாங்க வந்தார்கள்.

இவ்வளவு பாசத்தை நிர்வகிக்க ஒரு முறை வேண்டாமா? கூட்டம் போட்டு ஆராய்ந்தோம். ஆசிரியர் நிமிர்ந்தால் வாசகர் பேசுவார். வாசகர் பேசினால் வரிசை நிற்கும். ஆகவே வாசகரின் பெயரை முன்கூட்டியே மஞ்சள் சீட்டில் எழுதிப் புத்தகத்தில் ஒட்டிவிடுவது, ஆசிரியர் குனிந்த தலை நிமிராமல் கையெழுத்திடுவது என்று 'ஏகமனதாக' முடிவாயிற்று.

ஹாரோகேட் நகரப் புத்தகக் கடையில் அன்றும் சீட்டு எழுதியது நான்தான். தொப்பிகளுக்கு நடுவே பஸ் ஓட்டுநர் சீருடையில் ஒருவர் வந்தார்.

"பேரு?"

"தம்பின்னு போடுங்கம்மா."

"எல்லாரும் அதையேதான் சொல்றீங்க. தொலைஞ்ச தம்பியா, பிரிஞ்ச தம்பியா?"

"ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொன்னவங்களோட தம்பி."

"சீட்டுல அவ்வளவு இடம் இல்ல சார். தொலைஞ்ச தம்பின்னே போட்டுடறேன். தொப்பி இல்லாம வந்திருக்கீங்க?"

"நேரா டூட்டியிலேருந்து வர்றேன். அவங்க படத்தை அட்டையில பார்த்த நாள்லேருந்து எல்லாப் புத்தகத்துக்கும் வர்றேன். ஒண்ணு கேக்கணும்னுதான். வாயைத் திறக்கறதுக்குள்ள 'அடுத்தவங்க வாங்க'ன்னுடறீங்க."

"அதுதாங்க எங்க ஏற்பாட்டோட வெற்றி!" என்றேன் பெருமையாக.

புத்தகம் மேஜைக்குப் போனது. ரோசலிண்ட் சீட்டைப் பார்த்தார். 'என் தொலைந்த தம்பிக்கு, கண்ணீருடன், உன் அக்கா' என்று எழுதி, மை காய ஊதினார். பின்னங்கழுத்தைப் பார்த்தே தம்பியை அடையாளம் காணும் அரபெல்லாவைப் படைத்த கை அது. எதிரே நின்றவரின் முகம் ஒரு முழ தூரத்தில் இருந்தது.

"அடுத்தவங்க வாங்க!" என்றேன்.

ஓட்டுநர் நகரவில்லை. பின்னால் நின்ற அம்மாள் விசிறியால் அவர் முதுகில் குத்தினாள். "ஏங்க, தள்ளுங்க! நீங்க மட்டுமா தொலைஞ்சீங்க? நாங்களும்தான் தொலைஞ்சிருக்கோம்!"

ரோசலிண்டின் இடது கை அடுத்த புத்தகத்துக்கு நீண்டது. ஓட்டுநர் தன் புத்தகத்தை மூடி அந்தக் கையிலேயே வைத்தார்.

"இதை நீயே வச்சுக்க, வாத்தக்கா."

பேனா நின்றது. தலை மட்டும் எங்கள் தீர்மானத்தின்படியே குனிந்திருந்தது.

"நீ என்னைப் பத்தி எழுதுனது எல்லாத்தையும் படிச்சுட்டேன். ஒரே ஒரு தடவை நிமிர்ந்து என் மூஞ்சியைப் பாரு."